லொறிமேல் நின்ற பனை

குதிரை வரும் படங்கள் எனக்குப் பிடிக்காது. அந்தப் படங்களில் ஒருவரும் குளிப்பதில்லை. வெயிலில் அலைகிறார்கள், புழுதியில் புரளுகிறார்கள், இரவு அதே சட்டையோடு படுத்து, விடிந்ததும் அதே சட்டையோடு எழும்பிக் குதிரையில் ஏறிவிடுகிறார்கள். மட்டக்களப்பு வாவிக்கரையில் பிறந்து, நினைத்த நேரமெல்லாம் தண்ணீரில் விழுந்து எழும்பி வளர்ந்த ஒருத்திக்கு இதைப் பார்த்துக்கொண்டிருப்பது லேசான காரியமில்லை.

ஆனால் எங்கள் மருமகனுக்கு அந்தப் படங்கள் என்றால் உயிர். பெரியகல்லாற்றுப் பிள்ளை. கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். அவரும் வந்தார், உடுப்புப் பெட்டியோடு படங்கள் நிறைந்த ஒரு பென்டிரைவையும் கொண்டுவந்தார். வீட்டை மகளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டு நானும் என் கணவரும் அதே வளவில் பின்னால் ஒரு சின்ன வீட்டுக்கு மாறினோம். வீட்டோடு தொலைக்காட்சியும் மருமகனுடையதாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்தால் முன்வீட்டில் துப்பாக்கிச் சத்தம் கேட்கத் தொடங்கும்.

நான் சொல்லப்போகும் ஞாயிற்றுக்கிழமை, அந்தத் தொலைக்காட்சிக்கு முன்னால் இரண்டு பழைய எதிரிகள் பக்கத்தில் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் என் கணவர், ஒரு காலத்தில் இயக்கத்தில் இருந்தவர். மற்றவர் பொலன்னறுவைப் பக்கத்துச் சிங்களவர், ஒரு காலத்தில் ஆமியில் இருந்தவர். இப்போது சின்ன லொறி ஒன்றில் ஐஸ் பெட்டிகளோடு வந்து எங்கள் கரையில் மீனும் இறாலும் வாங்கிப்போகிறார். அவரை நான் மல்லி என்று கூப்பிடுவேன். சிங்களத்தில் தம்பி என்று அர்த்தம். அவர் என்னை அக்கா என்பார். அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் மச்சான் என்பார்கள். அது இரண்டு பாஷைக்கும் பொதுவான சொல், எனவே அதில் தகராறு இல்லை.

அவர்கள் பழகியதே ஒரு தகராறில்தான். கரையில் மீன் நிறுக்கும்போது, ஐஸ் தண்ணீரையும் சேர்த்து நிறுக்கிறோம் என்று மல்லி சொல்ல, என் கணவர் கோபித்துக்கொண்டு கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். இவர் நடக்கும்போது இடது கால் கொஞ்சம் இழுக்கும். மல்லி அந்தக் காலைப் பார்த்துவிட்டு, எங்கே பட்ட காயம் என்று கேட்டார். இவர் இடத்தைச் சொன்னார். மல்லி தராசைக் கீழே வைத்தார்.

"அங்க நானும் இருந்தது" என்றார்.

நான் அப்போது கரையில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தியை எடுத்து என் மடிக்குக் கீழே வைத்துக்கொண்டேன். எதற்கும் இருக்கட்டும் என்றுதான்.

மல்லி கேட்டது இதுதான். "மச்சான், அங்க பின்னேரத்தில உங்கட பக்கத்தால மீன் பொரிக்கிற வாசம் வாறது. அது யாரு பொரிச்சது?"

"நான்தான் பொரிச்ச" என்றார் இவர்.

"ஐயோ. நாங்க எந்த நாளும் பருப்பும் சோறும். அந்த வாசத்துக்கு எங்கட பொடியன்மார் அழுதது."

என் கணவர் சிரித்தார். சண்டை முடிந்து இயக்கத்தில் இருந்தவர்களை அடைத்துவைத்த புனர்வாழ்வு முகாமிலிருந்து திரும்பி வந்தபின் அப்படி ஒரு சிரிப்பை நான் அவரிடம் கேட்டதில்லை. வயிற்றிலிருந்து வந்த சிரிப்பு. கூடையைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு மல்லிக்கு ஒரு திரளி மீனைப் பொரித்துச் சோறு போட்டேன், அன்றிலிருந்து கிழமைக்கு ஒரு முறை அவருக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு.

இது எனக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று சொன்னால்தான் மற்றது விளங்கும். என் கணவர் கெட்ட மனிதர் இல்லை, ஆனால் திரும்பி வந்ததிலிருந்து வாயைத் திறப்பதில்லை. ஊரார் மரியாதை கொடுத்தார்கள், கொஞ்சம் தள்ளியும் இருந்தார்கள். அந்த வருடங்களைப் பற்றி என்னிடம் சொல்லமாட்டார், நான் அழுவேன் என்று. மருமகனிடம் சொல்லமாட்டார், அவர் அதையும் ஒரு படமாக எடுத்துக்கொள்வார் என்று. மல்லியிடம் சொன்னார். அங்கேயே நின்ற ஒருவரிடம் விளக்கம் சொல்லத் தேவையில்லை. மல்லி வரும் நாளில் இவர் காலையிலேயே முகம் வழித்து, சட்டையை மாற்றிக்கொண்டு, லொறிச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருப்பார். எனக்குக்கூட இவர் அப்படிக் காத்திருந்ததாக ஞாபகம் இல்லை.

சரி, படத்துக்கு வருகிறேன்.

அமெரிக்காவில் ஏதோ ஒரு சண்டை நடந்து முடிந்திருக்கிறது. தோற்ற பக்கத்துச் சிப்பாய் ஒருவன், வென்ற பக்கத்துச் சிப்பாய் ஒருவன். பாழடைந்த ஊர் ஒன்றின் வற்றிய கிணற்றில் ஒரு பெட்டி தங்கக் காசு மறைத்து வைத்திருக்கிறார்கள். தோற்றவனுக்கு அந்த ஊர் தெரியும். வென்றவனிடம் இரண்டு கோவேறு கழுதைகள் இருக்கின்றன. முதலில் ஒருவன் கழுத்தை ஒருவன் நெரிக்கப் பார்க்கிறார்கள், பிறகு சேர்ந்து போகிறார்கள். படம் முழுக்க மணலும் கழுதையும்தான். தமிழில் குரல் கொடுத்தவர்கள் சென்னைக்காரர்கள். தொப்பி போட்ட வெள்ளைக்காரன் ஒருவன் துப்பாக்கியை நீட்டி "இன்னாபா" என்று கேட்க, மல்லி குழம்பிப்போய் இவரைப் பார்த்தார். இவர் அதைச் சிங்களத்தில் சொன்னார். இவருடைய சிங்களம் புனர்வாழ்வு முகாமில் படித்தது. மல்லியின் தமிழ் காவலரணில் படித்தது. இரண்டும் ஒரே தரம்தான்.

எனக்குப் படத்தைவிட இவர்களைப் பார்ப்பதுதான் வேடிக்கையாக இருந்தது. சிப்பாய்கள் இருவரும் வெட்டவெளியில் நெருப்பு மூட்டிக் கோப்பி காய்ச்சினார்கள். "இப்பிடி நெருப்பு மூட்டினா நாலு பக்கத்தாலயும் சுடுவானுகள்" என்றார் என் கணவர். "ஒருத்தன் படுக்கிறது, ஒருத்தன் முழிச்சிருக்கிறது. அது கூடத் தெரியாது" என்றார் மல்லி. அவர்கள் மலையுச்சியில் நிமிர்ந்து நின்று தூரத்தைப் பார்த்தபோது, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "குனி, குனி" என்றார்கள். மருமகன் பாவம், படத்தை இரசிக்க முடியாமல் நெளிந்துகொண்டிருந்தார்.

போகப்போக அந்த இருவருக்கும் நல்ல சிநேகிதம் வந்துவிட்டது. ஒரே போர்வையை மூடினார்கள். ஒருவனுக்குக் காய்ச்சல் வர, மற்றவன் தன் பங்குத் தண்ணீரைக் கொடுத்தான். கடைசியில் கிணற்றையும் கண்டுபிடித்தார்கள், பெட்டியையும் தூக்கினார்கள். விடியும்போது ஒருவன் மற்றவனைச் சுட்டுவிட்டான். தங்கத்தைக் கழுதையில் ஏற்றிக்கொண்டு தனியே போனான். போகும்போது கழுதையோடு கதைத்துக்கொண்டு போனான், வேறு யார் இருக்கிறார்கள் கதைக்க.

மல்லிக்கு மனம் சரியில்லை. "தங்கம் கிடைக்கிறதுக்கு முந்தி நல்லாத்தானே இருந்தது" என்றார்.

"அதுக்குத்தான் நாங்க எங்கட தங்கத்த வாவிக்குச் சீதனமாக் குடுத்திட்டம்" என்று இவர் சிரித்தார்.

"என்ன தங்கம் மச்சான்?"

"இஞ்ச இவளட்டக் கேளு. இவள்தான் தாட்ட."

தேநீரைக் கொடுத்தபடி நான் கதையைச் சொன்னேன். எத்தனையோ பேருக்குச் சொல்லிச் சிரித்த கதைதான்.

எங்கள் ஊர் வாவிக்கு மேற்கே, சூரியன் படுகிற பக்கம். அதனால் படுவான்கரை என்பார்கள். சண்டை இந்தப் பக்கம் வந்தபோது எல்லோரும் வாவியைக் கடந்து எதிர்க்கரைக்கு ஓடினார்கள். ஓடுமுன் நகைகளை வளவுக்குள் புதைத்தார்கள். எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. ஆமி வந்தால் பதுங்குகுழி வெட்டும், வெட்டினால் மண்ணைக் கிண்டும். தண்ணீரை யார் கிண்டப்போகிறார்கள்? இவர் அப்போது வீட்டில் இல்லை, எங்கே என்று யாரும் கேட்காத காலம் அது. தாலிக்கொடியைக் கழற்றி, கழுத்தில் ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டேன். கொடி, காப்பு, அட்டியல், தோடு எல்லாவற்றையும் ஒரு கண்ணாடிப் போத்தலில் போட்டு, மூடியை மெழுகால் அடைத்து, வலைத்துண்டில் சுற்றி, அம்மிக் குழவியோடு இறுக்கிக் கட்டினேன். மகளைத் தோணியில் இருத்திக்கொண்டு போய், கழுத்தளவு தண்ணீரில் அதை இறக்கினேன்.

வாவியில் தொழில் செய்கிறவர்கள் தண்ணீருக்குள் ஓர் இடத்தை ஞாபகம் வைப்பது கரையைப் பார்த்துத்தான். ஒரு பக்கத்தில் இரண்டு பொருள் ஒன்றையொன்று மறைக்கும்படி தோணியை நிறுத்த வேண்டும். இன்னொரு பக்கத்திலும் அப்படியே இரண்டு. இரண்டு நேரும் சந்திக்கிற இடம்தான் இடம். நானும் அப்படித்தான் குறி வைத்தேன். கிழக்கே காத்தான்குடிப் பள்ளிவாசல் மினாராவும் அதை மறைக்கிற தண்ணீர்த் தாங்கியும். மற்றப் பக்கம் எங்கள் பிள்ளையார் கோயில் கலசமும், அதை மறைக்கிற, கரையில் நின்ற ஒற்றைப் பனையும்.

வீடு இடியும், கோயில்கூட இடியும், பனைக்கு ஒன்றும் வராது என்று நினைத்தேன். பதுங்குகுழிக்குக் கூரை போடப் பனங்குற்றியைப்போல மரம் கிடையாது என்பது எனக்குத் தெரியாது. இவருக்குத் தெரியும். இவருடைய ஆட்களும் கொஞ்சமா வெட்டினார்கள்? திரும்பி வந்து பார்த்தபோது கோயில் அப்படியே நின்றது, பனையைக் காணவில்லை. ஆமி முகாம் இருந்து போன கரை, எந்த இடத்தில் அது நின்றது என்பதுகூடத் தெரியாதபடி மண் கிளறிக் கிடந்தது. கிழக்கு நேர் இருந்தது, மற்ற நேர் இல்லை. அந்த ஒரு நேரில் வாவிக்குக் குறுக்கே கிடக்கும் சேறு முழுவதையும் காலால் துழாவ முடியுமா? நான் தேடினேன், இவர் வந்தபின் இவரும் தேடினார், பிறகு விட்டுவிட்டோம். மகளின் கல்யாணமும் அந்த நகை இல்லாமலே நடந்தது, இப்போது மருமகன் வாங்கிக் கொடுத்தது அவளிடம் இருக்கிறது. என் கழுத்தில் இன்னும் மஞ்சள் கயிறுதான்.

இவ்வளவையும் நான் சிரித்துச் சிரித்துச் சொன்னேன். மல்லி சிரிக்கவில்லை.

"எந்த மரம் அக்கா?"

"கரையில தனிய நிண்ட பனை, மல்லி. தோணித்துறைக்கு அங்கால."

தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார். நேரம் போய்விட்டது என்றார். லொறியை எடுத்துக்கொண்டு போனவர், வாங்கின இறாலைக்கூட எடுக்க மறந்துவிட்டார்.

அடுத்த கிழமை லொறி வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் வரவில்லை. போன் எடுத்தால் பதில் இல்லை. கரைக்கு ஒரு கம்பனியின் பெரிய குளிரூட்டி வாகனம் வரத் தொடங்கியது, எல்லோரும் அதற்கே மீனைக் கொடுத்தார்கள். இவரும் கொடுத்தார். முகம் வழிப்பதை விட்டார். ஆமிக்காரனுக்குப் புதையல் கதை சொன்னால் அவன் ஆட்களோடு வந்து தோண்டாமல் இருப்பானா என்று ஊரில் ஒருவர் கேட்டார். என் கணவர் அந்த மனிதரோடு கதைப்பதையும் விட்டார். எனக்குக் கோபம் யாரில் காட்டுவது என்று தெரியவில்லை. படம் போட்ட மருமகனில் காட்டினேன். அந்தப் பிள்ளை ஒரு மாதம் துப்பாக்கிச் சத்தம் இல்லாமல், பாட்டுப் போட்டி மட்டும் பார்த்தது.

தங்கம் போனபோது நான் இப்படிக் கவலைப்படவில்லை. மனிதரின் சிரிப்பு போனதுதான் தாங்க முடியவில்லை. என் வாயால்தானே போனது என்று நினைத்து நினைத்துப் புகைந்தேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை லொறிச் சத்தம் கேட்டது. ஐஸ் பெட்டி ஒன்றும் இல்லாத வெறும் லொறி. மல்லி வெள்ளைச் சட்டை போட்டு, கையில் ஒரு சட்டித் தயிரோடு இறங்கினார். தயிருக்குப் பேர்போன மட்டக்களப்புக்கு வெளியூர்த் தயிர் கொண்டுவந்த முதல் மனிதர் அவராகத்தான் இருப்பார். முற்றத்திலேயே நின்றார், உள்ளே வரவில்லை.

"அக்கா, அது பனை நான்தான் வெட்டினது."

எனக்கு அது முன்பே விளங்கியிருந்தது. இவர் பின்வீட்டிலிருந்து ஓடிவந்து நின்றார், ஒரு மாதத்துத் தாடியோடு.

"வெட்டச் சொன்னது, நாங்க வெட்டினது" என்றார் மல்லி. "வெட்டி, அது அடிக்குத்தி மேலதான் காவல் கொட்டில் போட்டது. உறுதியான இடம். நான் அதில நிண்டு எந்த நாளும் விடிய உங்கட கோயில் கலசத்தப் பாத்தது. பிள்ளையாருக்குக் கும்பிட்டதும் அங்க இருந்துதான்."

"இடம் தெரியுமா மல்லி?" என்று கேட்டேன்.

"தெரியும். கிட்டத்தட்டத் தெரியும்."

"மறுகா என்னத்துக்கு முற்றத்தில நிக்கிறீங்க? வந்து சாப்பிடுங்க."

சாப்பிடும்போதுதான் மற்றதைச் சொன்னார். மீன் வியாபாரத்தை விட்டுவிட்டாராம். கம்பனிக்காரர் வந்தபின் சின்ன லொறிகளுக்கு வேலை இல்லை. ஊரில் நெல் ஏற்றப்போகிறார். "இனி இங்க வாறதுக்கு ஒண்டும் இல்ல. இத மட்டும் கண்டு குடுத்திட்டுப் போறது. கண்டுபிடிக்கிற மட்டும் ஞாயிறு ஞாயிறு வாறன்" என்றார். இவர் சோற்றைப் பிசைந்துகொண்டு தலையாட்டினார். சாப்பிட்டு முடிந்ததும் போய் முகம் வழித்துக்கொண்டு வந்தார்.

அப்படித் தொடங்கியது எங்கள் வேட்டை. மல்லி கரையில் அங்கும் இங்கும் நடந்து, மண்ணைக் காலால் உதைத்துப் பார்த்து, ஓரிடத்தில் நின்றார். இதுதான் என்றார். ஆனால் அவர் அங்கே நின்றால் தோணியிலிருந்து பார்க்கிற எனக்குக் கலசம் மறையவில்லை. பனையின் உயரம் எங்கே, மல்லியின் உயரம் எங்கே? லொறியைக் கொண்டுவந்து அந்த இடத்தில் நிறுத்தினார். லொறிக் கூரையில் ஏறி, தோணித் துடுப்பில் இவர் இடுப்பில் உடுத்தும் சிவப்புச் சாரத்தைக் கட்டி, இரண்டு கையாலும் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றார். பனை தயார்.

நானும் இவரும் தோணியில். குறி என் கண்ணில்தான் இருக்கிறது, அதனால் அன்றைக்கு நான்தான் அதிகாரி. "இன்னும் கொஞ்சம் அங்கால" என்று நான் சொல்ல, இவர் தோணியின் முன்பக்கத்தில் நின்று கரைக்குக் கத்துவார். மல்லி இறங்கி, லொறியைக் கொஞ்சம் நகர்த்தி, மறுபடி ஏறிச் சாரத்தை உயர்த்துவார்.

"ஆடாத மச்சான். மரம் ஆடுறல்ல."

"பனை காத்துக்கு ஆடும் மச்சான்."

"ஒரு ஆமிக்காரன அசையாம நிப்பாட்ட எனக்கு எவ்வளவு நாள் ஆச தெரியுமா?"

"முந்தி அசைஞ்சா சுடுறது. இப்ப அசைஞ்சா ஏசுறது."

தண்ணீருக்கு மேலே இவர்கள் கத்திச் சிரிக்கும் சத்தம் காத்தான்குடிக்குக் கேட்டிருக்கும். எதிரிகள் ஒருவரையொருவர் இப்படிக் கேலி செய்வதை வேறு எங்கும் நான் கேட்டதில்லை. எனக்கும் சிரிப்பு வரும், சிரித்தால் கண் கலங்கிக் குறி தவறிவிடும், மறுபடி முதலிலிருந்து.

ஊர் சும்மா இருக்குமா? வாவிக்குக் குறுக்கே பாலம் போட அரசாங்கம் அளக்கிறது என்று கதை பரவியது. கோயில் தலைவர் கரைக்கு வந்து, பாலம் கோயில் வீதியோடு வந்தால் திருவிழாவுக்கு வசதி என்று லொறிமேல் நின்ற மல்லியிடம் விண்ணப்பம் வைத்தார். மல்லி துடுப்பை இறக்காமலே, பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார். தங்கத்தை மறுபடி தேடுகிறோம் என்று நாங்கள் மூச்சு விடவில்லை.

ஆனால் தங்கம் கிடைக்கவில்லை. கரை முன்பு இருந்த இடத்தில் இல்லை, தண்ணீர் உள்ளே ஏறியிருந்தது. தவிர அன்றைக்கு நான் தோணியில் நின்று பார்த்தேனா, இருந்து பார்த்தேனா என்பதும் எனக்கு மறந்துவிட்டது. இவர் கேட்டபோது, எல்லாவற்றையும் விட்டு ஓடுகிற அவசரத்தில் நிற்கிறேனா இருக்கிறேனா என்று யார் பார்த்தது என்று நான் சீறி விழுந்தேன். ஞாயிற்றுக்கிழமைகள் போய்க்கொண்டிருந்தன. மல்லி விடிய வருவார், மத்தியானம் இறால் கறியும் சோறும், பிறகு வேப்பமரத்தடியில் பாய் போட்டு இருவரும் கதைத்தபடி படுப்பார்கள். வெயில் தணிய மறுபடியும் பனை. மருமகனும் என் கோபம் ஆறியதைக் கண்டு பென்டிரைவை வெளியில் எடுத்தார்.

மாரி தொடங்குவதற்கு முந்திய ஒரு ஞாயிறு. காற்று இல்லை, வாவி அசையவில்லை. மல்லி லொறியை வழக்கமான இடத்திலிருந்து கோயில் பக்கமாகக் கொஞ்சம் பின்னுக்கு எடுத்து நிறுத்தியிருந்தார். நான் தோணியில் எழும்பி நின்றேன். கலசம் மெல்ல நகர்ந்துபோய்ச் சிவப்புச் சாரத்துக்குப் பின்னால் மறைந்தது. திரும்பிப் பார்த்தேன். தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் மினாராவும் மறைந்திருந்தது. "நிப்பாட்டுங்க" என்றேன். இவர் கம்பை ஊன்றித் தோணியைக் கட்டினார், நான் இறங்கினேன்.

கழுத்தளவு தண்ணீர். சேறு முழங்கால் வரைக்கும் வாங்கியது. காலால் துழாவித் துழாவி நடந்தேன். வலது பாதத்தில் ஏதோ இடித்தது. கல். உருண்டு நீண்ட கல். கால் விரல்களால் அதன் நீளத்தைத் தடவினேன். நடுவில் ஒரு பக்கம் தேய்ந்திருந்தது, எத்தனையோ வருடம் மிளகாய் அரைத்துத் தேய்ந்த பக்கம். கைக்குத் தெரிந்தது காலுக்கும் தெரிந்தது. அதோடு ஒட்டி, வலை நூல் சுற்றி, வழுவழு என்று கண்ணாடி.

சத்தம் போட வாயைத் திறந்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷம். எனக்குத் தங்கத்தில் ஆசை இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். அந்தக் கொடியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போக வேண்டும் என்று எத்தனை முறை நினைத்திருக்கிறேன். குனிந்து ஒரு முழுக்குப் போட்டால் கையில் வந்துவிடும்.

அந்த நேரம் மல்லி கரையிலிருந்து எதையோ கத்தினார். என்ன என்று எனக்குக் கேட்கவில்லை. இவருக்குக் கேட்டது. தோணியில் நின்றபடி தலையைப் பின்னால் சாய்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். காலையில் வழித்த முகம். வெயில் அதில் பட்டது. இதைத் தூக்கிக் காட்டினால் மல்லியின் வேலை முடிந்தது. கும்பிட்டுவிட்டு லொறியை எடுத்துக்கொண்டு போய்விடுவார், நெல் ஏற்றுகிற மனிதருக்கு வாவியில் என்ன அலுவல்? வாருங்கள் என்று நாங்கள் சொல்வோம், வருகிறேன் என்று அவரும் சொல்வார், சித்திரை வருடப்பிறப்புக்கு ஒரு போன் வரும். இவர் மறுபடி அதே தாடியோடு பின்வீட்டில் இருப்பார்.

வாயை மூடிக்கொண்டேன். குதிகாலைப் போத்தலின்மேல் வைத்து, தோணி விளிம்பைக் கையால் பிடித்துக்கொண்டு, உடம்புப் பாரம் முழுவதையும் கொடுத்து அமுக்கினேன். அது சேற்றுக்குள் மெதுவாக இறங்கியது. இவ்வளவு காலம் அங்கே பத்திரமாகக் கிடந்தது, இன்னும் கொஞ்சக் காலம் கிடக்கும்.

"என்ன புள்ள, ஏதும் பட்டதா?" என்று கேட்டார் இவர்.

"கண்டல் வேர்" என்றேன்.

கண்டல் மரம் நிற்பது கரையோரத்தில். அவ்வளவு தூரத்தில் அதன் வேர் எப்படி வரும் என்று, பிறந்ததிலிருந்து இந்த வாவியில் கிடக்கிற மனிதருக்குத் தெரியாமல் இருக்குமா? இவர் என் முகத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையை நீட்டி என்னைத் தோணிக்குள் தூக்கிவிட்டு, கரைப்பக்கம் திரும்பினார்.

"மச்சான், இண்டைக்கும் இல்லையாம். வாற ஞாயிறு லொறிய இன்னும் நல்லா அங்கால தள்ளி நிப்பாட்டிப் பாப்பம்."

மல்லி சாரம் கட்டிய துடுப்பை இறக்கி, கையை உதறிக்கொண்டார்.

"பிரச்சினை இல்ல மச்சான்" என்று அவருடைய குரல் தண்ணீருக்கு மேலே தெளிவாக வந்தது. "விடிய வெள்ளெனவே வாறன்."